அக்காவின் கடைசி அம்பு

என் அக்கா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவள். தைத்து வரும் துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால், அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்தது. நான் துவைத்த பாவாடை, தேய்த்த குக்கர், எல்லாவற்றிலும் அம்பு விழும். தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த நாங்கள் இரண்டே பேர். சண்டை போடவும் வேறு ஆள் கிடையாது.

நான் குழந்தைகள் உடுப்புக்கு பிரிண்ட் டிசைன் வரைகிறவள். எந்தப் படமும் அவள் கண்ணுக்குத் தப்பாது. "ஏட்டி, இது மயிலா, கோழியா?" என்று கழுத்தில் ஒரு அம்பு ஒட்டுவாள். எனக்கு வரும் பாருங்கள் ஆத்திரம்! திட்டிக்கொண்டே திருத்துவேன். குறையே கிடைக்காத நாளில் 'நல்லாருக்கு' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாள் மகராசி. "தப்பு இங்கதாம்ட்டி இருக்கு" என்று அம்பை என் மூக்கில் ஒட்டிவிட்டுப் போவாள். அப்படி ஒட்டினால் படம் பாஸ் என்று அர்த்தம்.

அவள் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியும் நான் வரைந்த எதுவும் உருப்படவில்லை. "இப்படியே போச்சுன்னா வேற ஆளுதான் பாக்கோணுங்க அம்மிணி" என்றார் முதலாளி. தன்மையாகத்தான் சொன்னார். திங்கட்கிழமைக்குள் ஒரு படமாவது தேற வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே வேலை இது. பயந்துபோனேன்.

அந்தத் திங்கட்கிழமைதான் கல்லறைத் திருநாளும் என்பதால், முந்தின நாள் ஞாயிறன்று சுண்ணாம்பு வாளியோடு அவளிடம் போனேன். கல்லறைக்குச் சொந்தக் கையால்தான் வெள்ளையடிக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நான் அடித்த லட்சணம் இருக்கிறதே! காய்ந்தபிறகு பார்த்தால் சிலுவை முழுக்க ஒழுகல் கோடுகள். அவள் பார்த்தால் விடுவாளா? எட்டு மாதமாகத் தொடாமல் பைக்குள் வைத்திருந்த அவளுடைய அம்புகளில் மிச்சம் ஐந்து. ஒழுகல் மேல் நான்கை ஒட்டினேன்.

கல்லறைத் தோட்டத்துக் காவல்காரர் வந்து நின்றார். "ஏனுங்க அம்மிணி, சிலுவையில எதுக்குங்க அம்பு?"

"தப்புத் தப்பா அடிச்சிருக்கேன்ணே, அதான்."

அவர் சுற்றி வந்து குனிந்து பார்த்தார். "அப்படின்னா பின்னால ஒண்ண உட்டுட்டீங்களே!"

சிரித்துவிட்டேன். சிரிப்பு அழுகையாக மாறியது. அடக்கம் செய்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை. அவர் வாசல் பக்கம் நகர்ந்துவிட்டார். அழுது முடித்தபோது மதிலுக்கு அந்தப்பக்கம் நிட்டிங் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. நானும் அவளும் இத்தனை வருடம் அந்தச் சத்தத்தில்தான் தூங்கினோம். மனசு மெல்ல அடங்கியது.

கல்லறை ஓரத்துத் தும்பைச் செடியில் ஒரு கட்டெறும்பு ஏறுவதும் விழுவதுமாக இருந்தது. நோட்டை எடுத்து அதை வரைந்தேன். வரைந்ததை அவள் கண்ணால் பார்த்தேன். ஒரு கால் குறைந்தது, போட்டேன். மறுபடி தேடினேன், மறுபடியும். ஒன்றும் அகப்படவில்லை.

கடைசி அம்பை உரித்து என் மூக்கில் ஒட்டிக்கொண்டேன்.

வெளியே வரும்போது காவல்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அம்மிணி, மூக்குல ஸ்டிக்கர் ஒட்டீட்டு இருக்குதுங்க."

"இருக்கட்டும்ணே. அக்கா ஒட்டினது."