என் சார்பில் தந்த சம்மதம்

தாய்மாமன் மகளை வெளியில் கொடுப்பதானால், அவளைக் கட்டிக்கொள்ளும் உரிமையுள்ள அத்தை மகனிடம் முதலில் சம்மதம் வாங்க வேண்டும். தட்டில் வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கு வைத்து, அவனை நேரில் உட்காரவைத்துக் கேட்க வேண்டும். எங்கள் உறவுக்காரர்களிடையே எழுதாமலே செல்லுபடியான விதி இது. பணிக்காலம் முழுவதும் விதிகளோடு குடித்தனம் நடத்தியவன் சொல்கிறேன், விதியில் குறையில்லை.

அந்த அத்தை மகன் நான். திருப்பதியில் கல்லூரியில் படித்த மூன்று வருடமும் மாமா வீட்டில்தான் தங்கியிருந்தேன். மாமா மகள் மொட்டை மாடியில் துணி காயப்போடும் நேரம் பார்த்து அங்கே பொருளாதாரம் படிப்பேன். சித்திரை வெயிலில் யாரும் பொருளாதாரம் படிப்பதில்லை என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அவளிடம் நான் எதுவும் சொன்னதில்லை. உரிமை இருக்கும்போது விண்ணப்பம் எதற்கு?

படிப்பு முடிந்ததும் சித்தூரில் அரசு வேலை கிடைத்தது. ஒரு நாள் அலுவலகம் விட்டு வீட்டுக்கு வந்தால் கூடத்தில் தட்டு இருந்தது. மாமா வந்து போயிருந்தார். மகளுக்கு வெளியில் மாப்பிள்ளை முடிவாகிவிட்டதாம். என் சார்பில் அப்பாவே சம்மதம் கொடுத்துவிட்டார்.

“என்னக் கேக்காம எப்டி நைனா ஒத்துக்கினீங்க?”

“உன்னக் கேட்டா நீ ரூல் பேசுவ. உங்க மாமன் பஸ்ஸுக்கு நேரமாச்சின்னு நின்னுக்கினு இருந்தாரு.”

“அடுத்த பஸ்ல போவக்கூடாதா?”

“வேட்டி நல்ல வேட்டிடா. எட்டு முழம். கட்டிப் பாரு.”

சித்தூரில் அப்போது தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். குழாயைத் திறந்துவிட்டு அழுவதற்கு மறுநாள் காலைவரை காத்திருந்தேன்.

கல்யாணத்துக்கு அந்த வேட்டியில்தான் போனேன். மணமகள் அறை வாசலில் ஒரு நிமிடம் தனியாகக் கிடைத்தாள்.

“உனக்கு இதுல இஷ்டமா?” என்று கேட்டேன்.

“போட்டோக்காரரு கூப்புடறாரு மாமா” என்று போய்விட்டாள்.

பிறகு எனக்கும் கல்யாணம் ஆனது. பதவி உயர்வுகளும் தாமதமாகவேனும் வந்தன. ஊரில் பதில் போடாத அத்தனை பேருக்கும் நினைவூட்டல் அனுப்பிய நான், அவளுக்கு மட்டும் அனுப்பவில்லை. அவளுக்கும் விருப்பம்தான், அப்பாதான் கெடுத்தார் என்று விசாரணையே இல்லாமல் தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அன்றிலிருந்து அப்பாவிடம் தேவைக்கு மேல் பேசியதில்லை. மருத்துவமனையில் கடைசியாகக் கிடந்தபோதும், “மாத்திரை துன்னீங்களா?” என்பதற்கு மேல் கேட்கவில்லை. அவரும் தலையை ஆட்டியதோடு சரி.

அண்மையில் அவள் பேத்தியின் காது குத்துக்காகத் திருப்பதி போயிருந்தேன். பந்தியில் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தாள்.

“அன்னைக்கி ஒண்ணு கேட்ட இல்ல மாமா? இஷ்டமான்னு?”

“ஆமா.”

“நான்தான் உன்ன வேணான்னேன்.”

“ஏன்?”

“தோணல, அவ்ளோதான். காரணம் எழுதிக் குடுக்கணுமா?” என்று சிரித்தாள். “உங்க நைனாவுக்கு அன்னைக்கே தெரியும். எங்க நைனா சொல்லிட்டாரு. உங்க நைனாதான், உன் காதுக்குப் போவக்கூடாது, பையன் தாங்கமாட்டான், பழி என் மேலயே இருக்கட்டும்னாராம்.”

மோர் ஊற்ற வந்தவரிடம் வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

அந்தப் பதில் கிடைத்தது, அப்பாவின் முதல் திவசம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை.