சத்தமில்லாத காரும் எங்கள் தெருப் பாவும்

பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் அந்த ஹைபிரிட் காரை நான் செகண்ட் ஹேண்டில் வாங்கியதே அதன் வேகத்துக்காகத்தான். ஆனால் காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் அது ஊர்ந்துதான் போக வேண்டும். காலையில் சேலைத் தறியில் ஏற்றுவதற்காகத் தெரு நீளத்துக்குப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டிப் பாவு போட்டிருப்பார்கள். வண்டிச் சத்தம் கேட்டால்தான் அதை ஓரமாக ஒதுக்குவார்கள்.

மெதுவாகப் போகும்போது என் கார் பேட்டரியில் ஓடும், சத்தமே வராது. அன்று, பாவில் குனிந்திருந்த எதிர்வீட்டு சரோஜா அக்காவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் திரும்பவே இல்லை. ஆபீசுக்கு நேரமாகிறதே என்ற எரிச்சலில் ஹாரனை அழுத்தினேன். அக்கா தூக்கிவாரிப் போட்டுத் திரும்ப, கையிலிருந்த இழைகள் அறுந்துவிட்டன.

"இன்னாபா, பூனையாட்டம் வந்து நின்னுக்கினு காதுல அடிக்கிற! எறங்கி வந்து இத்த புடி."

அறுந்ததையெல்லாம் அவர் ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டு முடிக்கும்வரை, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பிடித்திருந்தேன்.

மறுநாள் காரின் முன்பக்கத்தில் ஒரு மாட்டு மணி தொங்கியது.

"இனிமே நீ வர்றது தெரியும்ல," என்று அக்கா சிரித்தார்.

நெடுஞ்சாலையில் வேகமெடுத்தால் அந்த மணி பேயாட்டம் ஆடுகிறது. ஆபீசில் கேலி செய்கிறார்கள். எனக்கு அவிழ்க்க மனம் வரவில்லை. தெருமுனை திரும்பும்போதே யாராவது ஒருவர் பாவை ஒதுக்கியபடி குரல் கொடுக்கிறார்:

"தோ, நம்ம வண்டி வருதுபா!"