லாரி கல்

அறுபதுகளின் நடுவில், போர்ட் பிளேரில் நில அளவை வேலையில் நான் சேர்ந்த புதிது. பாம்பூ ஃபிளாட்டுக்கு அப்பால் கரும்பு விளையும் ஒரு கிராமத்தை அளக்க அனுப்பினார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் கைதிகளாக வந்து, தண்டனை முடிந்தபின் காடு வெட்டித் தங்கிவிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் ஊர். யார் எந்த மாகாணமானாலும் பேசுவது இந்திதான்.

வேலை முடிந்தது. மறுநாள் சென்னைக் கப்பலில் என் மனைவி கைக்குழந்தையுடன் முதல்முறையாக வருகிறாள். சாத்தம் துறையில் நான் நிற்காவிட்டால் அவளுக்கு வேறு ஆளில்லை. நான் தங்கியிருந்த வீட்டு விவசாயியிடம், படகுத்துறைக்கு லாரி எப்போது என்று அரைகுறை இந்தியில் கேட்டேன்.

"லாரி? கல் கயா."

'கல்' என்றால் நாளை என்று அலுவலகத்தில் கற்றிருந்தேன். நிம்மதியாகத் தூங்கினேன்.

விடிந்ததும் பெட்டியோடு சாலையோரம் உட்கார்ந்திருந்தேன். விவசாயியின் மனைவி விசாரித்துவிட்டுச் சிரித்தாள்.

"மதராசி பாபு, லாரி ஆகே நஹீ, பீச்சே ஹை." முன்னால் இல்லையாம், பின்னால்.

இந்தியில் நாளையும் கல், நேற்றும் கல். 'கயா' என்றால் போய்விட்டது. அடுத்த லாரி அடுத்த வாரம்.

கப்பல் விஷயத்தைச் சொன்னேன். விவசாயி நேரே கரும்பாலைக்குப் போய், செக்கில் சுற்றிக்கொண்டிருந்த மாடுகளை அவிழ்த்தார். வெல்லம் காய்ச்சும் கொப்பரையில் பாதிச் சாறுதான் சேர்ந்திருந்தது.

"ரஸ் கட்டா ஹோகா," சாறு புளித்துவிடும் என்றாள் அவர் மனைவி.

"ஹோனே தோ. பச்சா ஆத்தா ஹை." புளிக்கட்டும், குழந்தை வருகிறது என்று சொல்லி வண்டியைப் பூட்டினார்.

வண்டியில் பாம்பூ ஃபிளாட், அங்கிருந்து படகில் சாத்தம். நான் சேர்ந்தபோது கப்பல் வந்து பயணிகள் கலைந்திருந்தார்கள். துறையின் ஓரத்தில் ஒரு கல்லின்மேல் என் மனைவி, மடியில் குழந்தை.

"போலீஸ்காரர்கிட்ட உங்களப் பத்திக் கேட்டேங்க. கல், கல்னாரு. கல்லுல உக்காரச் சொல்றாராக்கும்னு உக்காந்துட்டேன்."

நாளைக்கு வந்து விசாரி என்றுதான் அவர் சொல்லியிருப்பார். அவளுக்கும் இந்தி தெரியாமல் போனது நல்லதாயிற்று.

இன்றும் கடையில் வாங்கிய வெல்லம் லேசாகப் புளித்தால் நாங்கள் திருப்பிக் கொடுப்பதில்லை. எங்களுக்காக ஒருவர் செக்கு மாட்டை அவிழ்த்த காலை நினைவுக்கு வருகிறது.