மாமாவின் கையாக இருந்த காலம்

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் காடாகக் கிடந்த நிலத்தை வெட்டி வயலாக்கினேன். மாடு தண்ணீர் குடிக்கும் மடுவைச் சுற்றி மண் போட்டுக் குளக்கட்டு எழுப்பினேன். அதற்கு மரத்தால் இரண்டு மடை வைத்தேன். வண்டி போகாத இடத்தில் வண்டிப் பாதை போட்டேன். காவல் பரண், கிணறு, நெல் அறை, வாவிக்கரை ஓரமாக ஒரு தென்னந்தோட்டம். இவ்வளவையும் செய்தவன் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். யானை ஒரு பக்கம், காய்ச்சல் ஒரு பக்கம், பார்த்துச் சிரித்த சொந்தக்காரர் ஒரு பக்கம். காய்ச்சலோடும் மண்வெட்டி பிடித்திருக்கிறேன். அன்றும் கூலிக்கு வந்த ஆட்களைவிட நான்தான் கூட வெட்டினேன்.

எங்கள் பகுதியில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். வீடும் வளவும் பெண்ணுக்கு. நானும் எழுவான்கரையில் இருந்த மாமா வீட்டுக்கு மூத்த மருமகனாகப் போனேன். விடியத் தோணியில் வாவியைக் கடந்து காட்டுக்குப் போவேன், பொழுது சாயத் திரும்புவேன்.

நான் வெட்டின காட்டுக்கு யார் பெயரில் காணிப் பெர்மிட் எழுதுவது என்று ஒருநாள் அரசாங்கக் கச்சேரி ஆள் வந்து கேட்டார்.

“மாமா இருக்கக்குள்ள என்ட பேர் என்னத்துக்கு? அவர்ட பேரை எழுதுங்க” என்றேன்.

பெண் வீட்டில் சாப்பிடுகிறவன் தன் பெயரில் நிலம் எழுதினால் குடும்பத்தைப் பிரிக்கப் பார்க்கிறான் என்றுதான் ஊர் சொல்லும். அந்தப் பேச்சுக்குப் பயந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே பிழை அந்த மரியாதைதான்.

பிறகு மனைவியின் தங்கைக்கு மாப்பிள்ளை வந்தார். கச்சேரியில் எழுத்து வேலை, கிளாக்கர். வெள்ளைக் கோட்டு, பளபளக்கும் சப்பாத்து. அவர் வாசலில் கால் வைத்தால் மாமா எழுந்து தன் சாய்மனைக் கதிரையைக் கொடுப்பார். அந்தக் கதிரையில் நான் ஒருநாளும் இருந்ததில்லை. என் உடுப்பில் சேறு. கிளாக்கர் பேப்பரை விரித்து உலகச் செய்தி வாசிப்பார், மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். குளம் நிரம்பிவிட்டது என்று நான் போய்ச் சொன்னால் கண்ணைத் திறக்காமல் “ஓம் மருமகன்” என்பார். எனக்கு வயிறு எரிந்தது. அதை எழுத எனக்கு வெட்கமில்லை.

உலக யுத்தம் தொடங்குவதற்கு முன் ஒரு மாரியில் மாமாவுக்கு வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. புத்தி தெளிவாகத்தான் இருந்தது. பத்திரம் எழுதும் நொத்தாரிசுவை வண்டியில் கூட்டி வந்து, தன் நிலபுலன்களைப் பார்க்கவும் தனக்காகக் கையெழுத்து வைக்கவும் எனக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்தார். அவருடைய இடது பெருவிரலை மையில் தோய்த்துக் கடதாசியில் அழுத்தியவன் நான்தான். கிளாக்கர் அன்று கந்தோரில் வேலையில் இருந்தார். எனக்கு அது போதும். இனி இந்தக் குடும்பத்தின் கை நான் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

“மருமகன், ஐயாவுக்குச் செவ்விளநீர் பறிச்சிட்டு வாங்க” என்றார் மாமா.

நல்ல குலையாகத் தேடிப் பறித்து வந்தேன். நொத்தாரிசு குடித்து முடித்ததும் வண்டியில் ஏற்றிவிட்டேன்.

ஏழெட்டு வருடம் எல்லாக் கடதாசியிலும் நான்தான் கையெழுத்து வைத்தேன். என்னுடைய கோணல் எழுத்துக்குக் கச்சேரியிலும் மதிப்பு இருந்தது, பெரிய வயல்காரரைக் கூப்பிடுகிறதுபோல என்னையும் போடியார் என்று கூப்பிட்டார்கள். பிறகு மாமா காலமானார். முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து மழைக்கு முன் விதைக்க வேண்டும். வழமைபோல ஒரு வயலை முல்லைக்காரனுக்கு, அதாவது எங்களுக்காக வயல் பார்க்கும் ஆளுக்கு, அற்றோணிக்காரன் என்று கையெழுத்து வைத்து அந்தப் போகத்துக்கு எழுதிக் கொடுத்தேன்.

ஒரு கிழமை கழித்து நொத்தாரிசு கந்தோருக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். போனேன். கிளாக்கர் முன்பே வந்து கதிரையில் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து “இரிங்க அண்ணன்” என்றார்.

நொத்தாரிசு நான் எழுதிய கடதாசியைக் காட்டினார். “போடியார், இது செல்லாது. மாமா கண்ணை மூடின நேரத்தோட ஒங்கட அற்றோணியும் முடிஞ்சுது.”

“கடதாசி பெட்டிக்குள்ள பத்திரமா இரிக்கி ஐயா. கறையான்கூடத் தொடல்ல.”

“கறையானுக்குச் சட்டம் தெரியா. செத்தவருக்காக ஆரும் கையெழுத்து வைக்க ஏலாது.”

பிறகு மாமா எழுதி வைத்த உயிலை, மரணசாதனத்தை, எடுத்து வாசித்தார். வீடும் வயலும் இரண்டு பெண்மக்களுக்கும் சரிபாதி. அதை நிறைவேற்றும் பொறுப்பு இளைய மருமகனுக்கு. எப்போது எழுதினது என்று கேட்டேன்.

“நீங்க இளநீர் பறிக்கப் போன நேரம். ‘நான் இருக்குமட்டும் மூத்தவர் பார்க்கட்டும், போன பிறகு இளையவர் பார்க்கட்டும்’ எண்டார். அற்றோணியும் இந்தப் பொறுப்பும் ரெண்டும் ஒங்களுக்கு எண்டா மற்ற மகளுக்கு மனம் நோகும் எண்டு யோசிச்சார்.”

மாமா நியாயமாகத்தான் யோசித்திருக்கிறார். ஆனால் நான் தேடித் தேடி இளநீர் பறித்த நேரத்தில், அந்த இடத்துக்கு வராமலே ஒருவருக்கு அந்தப் பொறுப்பு கிடைத்துவிட்டது.

கோர்ட்டுக்குக் கொடுக்கச் சொத்துப் பட்டியல் எழுதினவரும் கிளாக்கர்தான். இங்கிலீசில் எழுதி எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். “காலஞ்சென்றவர் கட்டுவித்த குளம் ஒன்று” என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னேன்.

“கட்டினது நான். அதைப் போடுங்க தம்பி.”

“அண்ணன், ஆர் கட்டினது எண்டு கேக்கிற கடதாசி இல்ல இது. ஆருட சொத்து எண்டுதான் கேக்கிறாங்க. மறுகா, பெர்மிட்டும் மாமாட பேர்ல. நீங்க வைச்ச கையெழுத்தெல்லாம் மாமாவுக்காக வைச்சது. சட்டத்துக்கு அது மாமாட கை.”

சொன்னதில் பிழை இல்லை, அதனால் இன்னும் எரிந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“எனக்குப் பாதி வந்திட்டுத்தானே. மறுகா என்ன?”

“உனக்கு வந்திட்டு. எனக்கு?”

“ஒங்களுக்கு நான் இரிக்கன்” என்றாள். சிரிக்காமல் சொன்னாள்.

அடுத்த மாரியில் வெள்ளம் வந்து ஒரு மடை உடைந்தது. பொறுப்பில் இருந்தவர் என்பதால் கிளாக்கரே மேசனைப் பிடித்துச் சீமெந்தில் கட்டுவித்தார். குடை பிடித்துக்கொண்டு இரண்டு தரம் வந்து பார்த்தார். ஈரச் சீமெந்தில் மேசன் அவர் பெயரை வெட்டினான். அன்று தொடங்கி அது கிளாக்கர் குளம். வயலுக்கு வருகிறவர்கள், என் சொந்தப் பேரப்பிள்ளைகள், எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் போட்ட மண்ணில் நின்றுகொண்டு சொல்கிறார்கள்.

மனைவியின் பாதி எங்கள் பெண்மக்களுக்குப் போய்விட்டது. அது முறைதான், எனக்கு நிலம் வேண்டாம். இதை வாசிக்கும் மருமக்களுக்கு ஒன்று சொல்கிறேன். வருகிற கோடையில் குளம் வற்றும். மேசனைக் கூப்பிடுங்கள். கிளாக்கர் பெயரை அழிக்க வேண்டாம், ஒரு மடையை அவர் கட்டுவித்தது உண்மைதான். அதற்கு மேலே என் பெயரை வெட்டி, இந்தக் குளத்தைக் கட்டியவன் என்று போடுங்கள். என் எழுத்து அவருடைய எழுத்தைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது. நான் கண்ணை மூடுவதற்கு முன் செய்யுங்கள். அளந்து பார்க்க வருவேன்.