உட்கார்ந்து கும்பிடச் சொன்னவர்

மாடசாமி போய்விட்டார் என்று அவருடைய ஊரான எப்போதும்வென்றானிலிருந்து போன் வந்தபோது நான் வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீசில் இருந்தேன். காலையில் காப்பி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். யாருக்கும் சிரமம் கொடுக்காத சாவு என்றார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. பொங்கலுக்கு வீட்டுக்கு வருகிறேன் என்று பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சொல்லியிருந்தார்.

நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவரும் என்னை அண்ணாச்சி என்பார். எங்களில் மூத்தவர் யார் என்பது கடைசிவரை தீரவில்லை. அவரை லாரி டிரைவராகத்தான் உங்களில் பலருக்குத் தெரியும். அவர் எங்கள் ஊரில் போட்டும் ஓட்டினார். கரிசல்காட்டில் ஏது படகு என்று சிரிக்க வேண்டாம். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருஷம் மழை கொட்டித் தீர்த்து எங்கள் கண்மாய் நிரம்பி வழிந்தது. எங்கள் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிக்கு அதில் போட் விட்டுக் காசு பார்க்கும் ஆசை வந்துவிட்டது. தூத்துக்குடியிலிருந்து ஒரு சின்ன எஞ்சின் போட்டை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். மாடசாமி வெளியூர் வேலைக்குப் போன காலத்தில் மலைமேல் ஒரு ஏரியில் போட் ஓட்டியவர். அவரைப் பிடித்துப் போட்டார்கள். கூட்டத்தைச் சமாளிக்க என்னையும் கூட அனுப்பினார்கள்.

எஞ்சினிலிருந்து வரும் சிவப்புக் கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் அவர் போட்டை எடுக்கமாட்டார். கழுகுமலைக் கோயில் கயிறா என்று கேலி செய்தேன். “நான் தண்ணில விழுந்தா கயிறு உருவி எஞ்சின் நின்னுரும் அண்ணாச்சி. இல்லன்னா ஆளில்லாத போட்டு நம்ம மேலயே ஏறும்” என்றார். சேலைக்கு மேல் மிதவைச் சட்டை மாட்டக் கூச்சப்பட்ட பெண்களிடம் அவர் வாதாடியதே இல்லை. எல்லோரும் மாட்டி முடிக்கும்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்.

ஒரு சாயங்காலம் என் மனைவியும் நான்கு வயது மகளும் எங்கள் தெருப் பெண்கள் சிலரும் ஏறினார்கள். நானும் ஏறிக்கொண்டேன். திரும்பும் வழியில் வாடைக்காற்று எழுந்தது. வெட்டவெளிக் கரிசலில் காற்றைக் கேட்க வேண்டுமா? ஆழமில்லாத தண்ணீரில் அலைகள் குட்டையாக, செங்குத்தாக, மூச்சுவிட இடைவெளி இல்லாமல் வந்தன. போட் மடைக்கு நேரே வந்தது. கண்மாய் பெருகினால் மடைச்சாமியை எழுந்து நின்று கும்பிட்டுக் குலவை போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பெண்கள் அத்தனை பேரும் மடைப் பக்கமாக எழுந்துவிட்டார்கள். போட் சரிந்து தண்ணீர் உள்ளே கொட்டியது. மகள் என் மனைவியின் கையிலிருந்து நழுவி விளிம்புவரை போய்விட்டாள். சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டேன்.

மாடசாமி கத்தவில்லை. “சாமிய உக்காந்து கும்பிடுங்க தாயி. நானும் உக்காந்துதான் கும்பிடுதேன்” என்றபடி ஒரு கையை நெற்றிக்கு உயர்த்தினார். மற்றக் கை எஞ்சின் பிடியை விடவில்லை. அதைப் பார்த்து ஒவ்வொருவராகப் போட்டின் அடிப்பலகையில் உட்கார்ந்தார்கள். போட் நிமிர்ந்தது.

கரை கல்லெறி தூரம்தான். அங்கே ஒதுக்குங்கள் என்று நான் கெஞ்சினேன். எஞ்சினை நிறுத்தச் சொல்லி என் மனைவி அழுதாள். அவர் போட்டை நடுக் கண்மாய்க்கே திருப்பினார்.

“அங்கன பூராக் கல்லு அண்ணாச்சி. அலை நம்மளத் தூக்கி அதுல அடிச்சிரும். அலைக்கு விலாவக் காட்டப்படாது. மூஞ்சியக் கொஞ்சம் சாய்ச்சுக் காட்டிட்டே மெல்லப் போவோம். நிப்பாட்டினா நம்ம பிடி போயிரும்.”

வேகத்தைக் குறைத்தார், நிறுத்தவில்லை. ஒவ்வொரு அலையிலும் சாய்வாக ஏறி இறங்கினோம். நான் வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தேன். எதிர்க்கரையில், காற்றை மறிக்கும் கருவேலங்காட்டின் ஓரத்தில், தண்ணீர் அடங்கிக் கிடந்தது. முள் சிக்கிவிடாமல் எஞ்சினைத் தூக்கிவிட்டுக் கழியால் தள்ளி ஒதுக்கினார். எல்லோரும் இறங்கிய பிறகுதான் பார்த்தேன், இரண்டு முறை முயன்றும் அவருக்குக் கயிற்றைக் கழற்ற வரவில்லை. நான்தான் கழற்றிவிட்டேன்.

மறுநாள் முதல் போட் ஏற வருகிற எல்லோரையும் முதலில் கரைவழியே மடைக்கு நடத்திக் கூட்டிப்போவார். கும்பிட்டு, குலவை போட்டு முடித்த பிறகுதான் போட். பங்குனியில் கண்மாய் வற்றியதும் முதலாளி போட்டை விற்றுவிட்டார். மாடசாமி லாரிக்குத் திரும்பினார். போட் ஓட்டியதை அவராக யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் எங்கள் வீட்டில் விட்டுப்போனது ஒரு பழக்கம். கழுகுமலையில் எவ்வளவு கூட்டம் இடித்தாலும் என் மனைவி ஓரமாக உட்கார்ந்துதான் கும்பிடுவாள். அன்று எப்போதும்வென்றானில் எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து, குளித்து, அவருக்காக ஒரு விளக்கேற்றி மூவரும் தரையில் உட்கார்ந்தோம். மகள் இப்போது என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். நான் ஒரு கையால்தான் கும்பிட்டேன். மற்றக் கையால் அவளைப் பிடித்திருந்தேன்.