மத்தேயு அண்ணனின் தோணி நம்பர்

மத்தேயு அண்ணன் கடலைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டு வரிசையில் அவருக்குப் பெயர் கடல்காரர். மொனராகலைப் பக்கத்துக் குளமொன்றில் முப்பத்தொரு வருடமாக மீன் பிடித்தவர். குளம் என்றால் சின்னதல்ல. நடுவில் போய் நின்றால் கரை தெரியாது, ஆடிக் காற்றில் அலை தோணிக்குள் ஏறிவிடும். வயது அறுபத்தெட்டு. பதினைந்து நாளைக்கு ஒருமுறை பஸ் ஏறி வந்து மனைவி இருதயம்மாவோடு இரண்டு நாள் இருப்பார். பிறகு ஒற்றை அறைக் காம்பராவுக்குள் மூச்சு முட்டுகிறது என்று கிளம்பிவிடுவார்.

அவருக்கென்று இருந்தது அந்தத் தோணியின் நம்பர் ஒன்றுதான். குளத்து மீனவர் சங்கம் நாற்பது நம்பர்தான் கொடுக்கும். நம்பர் இல்லாத தோணி தண்ணீரில் இறங்கக் கூடாது. ஒன்று காலியானால் வாங்கிக்கொள்ளப் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள்.

போன வருடம் சங்கத்தில் புதுச் சட்டம் போட்டார்கள். அறுபத்தைந்து தாண்டியவர்கள் அதிகாரிகள் முன்னால் துடுப்பு வலித்துக் காட்ட வேண்டும். வராதவரின் நம்பர் அடுத்தவருக்கு. தேதியைக் கடிதத்தில் அனுப்பினார்கள். எந்த விலாசத்துக்கு? எங்கள் தோட்டத்துக்கு.

இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. இத்தனை வருடம் குளக்கரையில் குடிசை போட்டிருந்த மனிதர், விலாசத்தை மட்டும் மாற்றவில்லை. மாற்றினால், லயத்து ஆட்களுக்கு வீடு கட்டக் காணி கொடுக்கும்போது தன் பெயர் விட்டுப்போகும் என்று பயம். அந்தப் பயம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. கொழும்பில் கடை வைத்திருப்பவனும் லயத்து விலாசத்தை விடமாட்டான். காணிதான் வந்தபாடில்லை. எங்கள் கடிதங்கள் தோட்ட ஆபீசுக்கு வரும். காலையில் பெரட்டுக் களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, பேர் சொல்லிக் கொடுப்பார்கள். இருதயம்மா அக்கா கொழுந்தெடுப்பதை விட்டு ஏழு வருடமாகிறது. அந்த வீட்டிலிருந்து பெரட்டுக்குப் போக யாருமில்லை. கடிதம் ஆபீசிலேயே கிடந்தது.

சரி, குளக்கரையில் யாராவது சொல்லியிருக்கலாமே? சங்கத்தில் எல்லோருக்கும் தேதி தெரியும். ஒன்றாக உட்கார்ந்து சோறு தின்றவர்கள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

அந்தத் தேதியன்று அண்ணன் விடியுமுன்பே தனியாகப் போயிருந்தார். அக்கரைப் பக்கம் தண்ணீருக்குள் நிற்கும் பட்ட மரங்களில் வலை சிக்கிக்கொண்டது. அறுத்துவிட்டு வர மனம் வரவில்லை. கழுத்தளவு தண்ணீரில் இறங்கி வலையை ஒவ்வொரு கண்ணாக விடுவித்தார். எடுத்து முடிக்கும்போது காற்று திரும்பிவிட்டது. எதிர்க்காற்றில் மூன்று மணி நேரம் வலித்தார். தோணிக்குள் ஏறிய தண்ணீரை இறைக்க நிறுத்தினால், வலித்த தூரமெல்லாம் பின்னால் போகும். உள்ளங்கைத் தோல் உரிந்து துடுப்பு வழுக்க, சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு வலித்தார். கரையை நெருங்கும்போது மரத்தடியில் கதிரை போட்டு ஆட்கள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஏதோ கூட்டம் என்று நினைத்தாராம். அவர் தோணியைக் கட்டும்போது கதிரைகள் காலி.

சங்கச் செயலாளர் ஷப்ராஸ் வந்து விஷயத்தைச் சொன்னான். நம்பர் போய்விட்டது, வெள்ளிக்கிழமைக்குள் தோணியை எடுத்துவிட வேண்டும். அந்த நம்பர் அவனுடைய மச்சானுக்குப் போனது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அண்ணன் சண்டை போடவில்லை. நானாக இருந்தால் துடுப்பாலேயே போட்டிருப்பேன்.

“நான் வலிச்சிக்கிட்டு வந்தது ஒங்க யாரு கண்ணுக்கும் தெரியலையா தம்பி?” என்று கேட்டாராம்.

“தெரிஞ்சிச்சு அண்ணே. அதிகாரிமாரும் பாத்தாங்க. இந்தக் காத்துல தனியா வாறது யாருன்னு கேட்டாங்க.”

“நீ என்ன சொன்ன?”



“தெரியாதுன்னு சொன்னேன்.”