கீறலை மறைத்த இறகு

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டமொன்றில் இருபது வருடம் செடிகளைக் கத்தியால் கவ்வாத்து வெட்டிய சோலைமலை, முழங்கால் வலி வந்தபிறகு நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்தார். விருந்தினர் விளையாடுவதற்கு அங்கே அம்பெய்யும் திடல் ஒன்று இருந்தது. அம்புகளின் வாலில் கிழிந்துபோன இறகுகளை எடுத்து, பழைய பசையைச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்துப் புது இறகு ஒட்டுவது அவர் வேலை. வில் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பவள் பிரேமினி.

மரத்தண்டுகள் போய்க் கார்பன் தண்டுகள் வந்தபோது அவள் சொன்னாள்: "அண்ணே, இதுல கூர்க்கத்தி படக்கூடாதுங்க. மழுங்கின கத்தியால மெதுவா சுரண்டுங்க. கீறல் விழுந்தா எய்யும்போதே வெடிச்சிரும்."

"கவ்வாத்துக் கத்தி புடிச்ச கைம்மா இது" என்று சிரித்தார் சோலைமலை.

ஒரு சனிக்கிழமை நாற்பது அம்புகள் சேர்ந்துவிட்டன. மழுங்கின கத்திக்குப் பசை அசையவில்லை. கூர்க்கத்தியை எடுத்தார். ஓர் அம்பில் அது வழுக்கிக் கோடு விழுந்தது. தண்டைக் காதருகே வைத்து வளைத்துப் பார்த்தார். உள்ளே மெல்லிய நொறுங்கல் சத்தம். தூக்கிப்போட்டால் ஏனென்று பிரேமினி கேட்பாள். கோட்டின் மேலேயே இறகை ஒட்டினார்.

திங்கட்கிழமை விருந்தினருக்குச் செய்துகாட்ட அவள் எடுத்தது அந்த அம்புதான். நாணை விட்டதும் தண்டு பிளந்து, சிராய்கள் அவள் இடது கைப் பெருவிரலடியில் ஏறின. ஆஸ்பத்திரியில் சதையை வெட்டித்தான் அவற்றை எடுத்தார்கள்.

மறுநாள் மனேஜர் விசாரித்தபோது, எய்வதற்கு முன் சோதிக்காதது தன் தவறுதான் என்றாள் பிரேமினி. பக்கத்திலேயே நின்ற சோலைமலை வாய் திறக்கவில்லை.

நான்காம் நாள் அவள் வீட்டுக்குப் போனார். கட்டுப்போட்ட கையோடு கதவைத் திறந்தாள்.

"வாங்கண்ணே, உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. "அந்த அம்ப கீறினது நான்தாம்மா. தெரிஞ்சேதான் ஒட்டினேன்."

"என் தப்புன்னு நான் சொல்லும்போது பக்கத்துலதானே நின்னீங்க?" என்றாள்.

"நின்னேம்மா."

"மத்த அம்பெல்லாம் எப்படி?"

"தெரியலம்மா."

"அப்ப மொதல்ல போய் அதுகள யாரும் தொடாம எடுத்து வைக்கச் சொல்லுங்க. போங்க."

அன்றே மனேஜரிடம் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னார். சோதித்ததில் இன்னும் இரண்டு அம்புகளில் கீறல் இருந்தது. வேலை போகவில்லை, பூந்தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

பிரேமினியின் கை ஒரு மாதத்தில் ஆறியது. இப்போதும் காலையில் பூந்தோட்டத்து வழியாகப் போகும்போது, "சாப்டீங்களாண்ணே?" என்று கேட்கிறாள். சோலைமலை புல்லைப் பிடுங்கிக்கொண்டே, நிமிராமல், "ம்" என்கிறார்.